மேலடுக்கில் ஒரு முள்ளெலும்பு

உதிரி என்றுதான் போட்டிருந்தது. செமினார் ஹாலின் திரையில், எலும்பின் படத்துக்குக் கீழே, மஞ்சள் கட்டத்துக்குள், மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் சிறியதாக: முள்ளெலும்பு ஒன்று, பதினான்காம் அடுக்கு, உதிரி, எடுத்தவர் மங்கையர்க்கரசி. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசி அதை ஒரு தடவை படித்தாள், கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள், துடைத்த பிறகும் அது உதிரியாகவே இருந்தது. மேடையில் பெனிட்டா ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இது ஒண்ணு மட்டும் மேலடுக்குல கிடைச்சது, ஆனா உதிரி, அதனால நம்ம முடிவை இது பாதிக்காது" என்று சொல்லிவிட்டு மூச்சுகூட விடாமல் அடுத்த படத்துக்குத் தாவிவிட்டாள். பத்து விநாடி இருக்குமா? அதுகூட இருக்காது. பதினாலு மாசம் மங்கை கட்டிக்கொண்டு அழுத அந்த முதுகெலும்புத் துண்டைப் பத்து விநாடியில் ஓரமாகத் தள்ளியாகிவிட்டது. கிடைச்சது என்றாளே, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்த மாதிரி. பாதிக்காதாம். பாதிக்கும் என்றுதானடி அதற்கு என் தீசிஸில் மூன்றாவது அத்தியாயம் முழுக்க எழுதி வைத்திருக்கிறேன், நீதானே உட்கார்ந்து பிழை திருத்தினாய். பாறையோடு பதிந்து கிடக்கிற எலும்புக்குத்தான் வயசு உண்டு. எந்த அடுக்கில் இருக்கிறதோ அந்த அடுக்கின் வயசு அதன் வயசு. உதிர்ந்து தரையில் கிடப்பதற்கு வயசும் கிடையாது ஊரும் கிடையாது, வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்திருக்கும், ஆடு உதைத்துத் தள்ளியிருக்கும், எவனாவது மாங்காய்க்கு விட்டெறிந்திருப்பான். உதிரி என்றால் பொறுக்கிப் போட்டுவைத்துக்கொள்ளலாம், பேச்சில் சேர்த்துக்கொள்ள முடியாது. இந்தத் துறையில் ஒரு எலும்பைக் கேவலப்படுத்த இதைவிட ஒரு சொல் இல்லை, அந்தச் சொல்லை அவள் எங்கிருந்து எடுத்தாள், யார் வாயிலிருந்து எடுத்தாள், எப்போது எடுத்தாள், காலையிலேயே அது அந்தக் கட்டத்துக்குள் இருந்ததா?

காலையிலேயே இருந்திருக்க வேண்டும். ராத்திரியே முடித்துப் பென் டிரைவில் போட்டுவிட்டேன் மக்கா, இனி ஒரு புள்ளிகூட மாத்த மாட்டேன் என்று அவள்தான் சொன்னாள். அப்படியென்றால் ஹாஸ்டல் அறையில் மங்கை தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து அவளுக்குக் கொசுவம் பிடித்துக்கொண்டிருந்தபோது, கட்டியிருந்ததும் மங்கையின் சேலைதான், கரூர் அத்தை தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த மயில்கழுத்து நிறப் பருத்திச் சேலை, அந்தச் சேலையின் மடிப்பை ஒவ்வொன்றாக நீவி விட்டுக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே நின்றவளின் கைப்பைக்குள் அந்தச் சொல் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. "பின்னு குத்தாதடி, ரத்தம் வந்துரும்" என்று சிரித்தாள். "நீ மூணாவது வரிசையில நடுவுல உக்காரு, கேட்டியா, உன் மூஞ்சியப் பாத்துப் பேசினா எனக்குப் பயம் வராது." இப்போது பார்க்கிறாளா? பார்க்கவில்லை. முதல் பத்து நிமிஷம் பார்த்துப் பார்த்துப் பேசியவள் மஞ்சள் கட்டம் வந்த பிறகு பின்சுவர்க் கடிகாரத்திடம் பேசிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் ஜூனியர் ஹசீனா முழங்கையால் இடித்தாள். "அக்கா, அது உங்க எலும்புதானே? பதிஞ்சு இருந்துச்சுன்னுல்ல சொன்னீங்க." மங்கை, "பேசாம இரு" என்றாள். எதிர்வீட்டு நாயிடம்கூட வாதாடுவாய் என்று அம்மா திட்டுவாளே, அந்த வாய் எங்கே போனது? தலைக்கு மேல் மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை கிரீச் என்றது, உதிரி, கிரீச், உதிரி, அடச்சே.

இந்த ஹாலில்தான் போன வருஷம் அந்தப் படத்துக்காகச் சண்டை போட்டாள். குரங்கு குனிந்து நடந்து, கொஞ்சம் நிமிர்ந்து, இன்னும் நிமிர்ந்து, கடைசியில் ஈட்டியோடு ஒரு ஆம்பிளையாக வரிசையில் போகுமே, அந்தப் படம், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அதைக் கழற்றுங்க சார் என்றாள் மங்கை. கைடு ராமபத்திரன் சார் நல்ல மனுஷர்தான், அதிர்ந்து பேசமாட்டார், "ஏம்மா, அது உன்னை என்ன பண்ணுச்சு, இருபது வருஷமா தொங்குது" என்றார். இருபது வருஷமா தப்பாத் தொங்குது சார், பரிணாமம் ஏணி கிடையாது, கியூ வரிசையும் கிடையாது, அது சீமைக்கருவேலம் புதர், எந்தக் கிளை எந்தப் பக்கம் போகும்னு கிளைக்கே தெரியாது, பாதிக் கிளை பட்டுப்போகும், மீதி சுவரைப் பிளந்துக்கிட்டுப் போகும். மேலே போவதுதான் வளர்ச்சி என்றால் மீன்பல்லியை என்ன செய்வது? இக்தியோசார் என்று பேப்பரில் எழுதுவார்கள், மங்கைக்கும் பெனிட்டாவுக்கும் அது மீன்பல்லி. கடலை விட்டுக் கரையேறி, காலை ஊன்றி நடக்கக் கற்று, நுரையீரல் பழகி, தரையில் முட்டையிட்டு, அத்தனை கோடி வருஷம் பாடுபட்ட பரம்பரையில் வந்த ஒரு பிராணி திரும்பிக் கடலுக்கே போய்விட்டது. கால் துடுப்பாகிவிட்டது. அந்தத் துடுப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே கை இருக்கும், விரல் எலும்பெல்லாம் பெருகிப் பெருகி மக்காச்சோளக் கதிரின் முத்து மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு. முட்டையிடக் கரை இல்லையென்று தண்ணீரிலேயே குட்டி போட்டது. ஆனால் செவுள் மட்டும் திரும்பி வரவில்லை. உதறிவிட்டு வந்ததை எல்லாம் கடல் திருப்பிக் கொடுக்காது. இருந்த காலம் முழுக்க மூச்சுக்கு ஒவ்வொரு தடவையும் மேலே வந்து வந்துதான் போயிற்று, டைனோசர் அழிவதற்கு இரண்டரைக் கோடி வருஷம் முன்னாலேயே அடங்கியும் போயிற்று. படத்தைக் கழற்றிவிட்டார்கள். ஆணி மட்டும் இன்னும் இருக்கிறது, அதைப் பார்த்தால் மங்கைக்குப் பெருமையாக இருக்கும். அன்றைக்கு வெளியே வந்து பெனிட்டாதான் அவள் தோளில் கையைப் போட்டு, "நீ பேசு மக்கா, உனக்குப் பின்னாடி நான் நிக்கேன்" என்றாள். பின்னாடி நிற்கிறவள் கையில் என்ன இருக்கிறது என்று யார் திரும்பிப் பார்க்கிறார்கள்.

திரையில் ஒன்பதாம் அடுக்கு வந்திருந்தது. கறுத்த களிமண், அதில் வெள்ளை வெள்ளையாக எலும்புகள், எல்லாம் பெனிட்டா எடுத்தவை. பெரம்பலூர் பக்கம் செம்மண் ஓடைகள் அறுத்துப் போட்ட அந்தப் பொட்டலில், வெயிலுக்கு ஒதுங்க ஒரு வேப்பமரம் கிடையாது, அங்கேதான் ஒன்பது கோடி வருஷத்துக்கு முன்னால் கடல் இருந்தது. எண் ஏற ஏற அடுக்கு புதியது, அதுதான் மேலடுக்கு, ஆனால் அங்கே அடுக்குகள் சாய்ந்து கிடக்கும். பழையது மேட்டில், புதியது பள்ளத்தில். அதனால்தான் மேட்டிலிருந்து உருண்டு வந்த பழைய எலும்பு பள்ளத்துப் புதிய அடுக்கில் கிடந்து ஏமாற்றும், அதனால்தான் பதிந்ததா உதிர்ந்ததா என்பது உயிர்போகிற கேள்வி. ஒன்பதாம் அடுக்கோடு மீன்பல்லி முடிந்தது, கடல் அடித்தண்ணீரில் பிராணவாயு செத்தது, இதுவும் செத்தது என்பது ராமபத்திரன் சாரின் இருபது வருஷ முடிவு, பெனிட்டாவின் தீசிஸ் மொத்தமும் அதன் மேல்தான் நிற்கிறது. மங்கைதான் ஒத்துக்கொள்ளவில்லை. செத்துப்போச்சுன்னு சொல்றது ஈஸி சார், கடைசி ஒண்ணு எங்க செத்துச்சுன்னு கூட இருந்து பார்த்தது யாரு? அப்படி வாய்க்கு வாய் பேசியவளுக்கு, போன வருஷம் ஆவணியில், மேகம் திரண்டு வந்த ஒரு மத்தியானத்தில், பதினான்காம் அடுக்கின் சரிவில் ஒரு விளிம்பு தெரிந்தது. சாம்பல் நிறக் களிமண்ணில் பழுப்பாக ஒரு வளைவு, கேரம் ஸ்ட்ரைக்கர் ஓரம் மாதிரி. தொடுவதற்கு முன்னால் போட்டோ எடுக்க வேண்டும், சுத்தியலைப் பக்கத்தில் வைத்து அளவு தெரிய, நோட்டில் அடுக்கை வரைய வேண்டும், கூட வந்தவள் பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கப்புறம்தான் கை. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு மங்கைதான் இதைச் சொல்லிக் கொடுப்பாள், மிரட்டிச் சொல்லிக் கொடுப்பாள். அன்றைக்கு அவள் கை அவளைக் கேட்கவில்லை. தட்டையாக, இரண்டு பக்கமும் குழிந்து, உள்ளங்கையில் சில்லென்று வந்து உட்கார்ந்துவிட்டது முள்ளெலும்பு. களிமண்ணில் அதன் அச்சு அப்படியே வாயைத் திறந்துகொண்டு நின்றது, பல் பிடுங்கின இடம் போல.

"போட்டோ எடுத்தியா?" என்றாள் பெனிட்டா, பக்கத்தில்தான் நின்றாள், ஒரு அடி தள்ளி, தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு. இல்லை. "அறிவுகெட்டவளே." அதற்குள் மேட்டிலிருந்து ஆடுகள் இறங்கின, பின்னால் ஆட்டுக்காரம்மா, "ஏ புள்ளைங்களா, மழ வரப்போவுது, இன்னமும் எலும்பு பொறுக்கிக்கிட்டு நிக்கிறீங்க, இதுக்கா பெத்தவங்க படிக்க வச்சாங்க?" என்று கேட்டுக்கொண்டே போனாள். மங்கைக்கு அழுகை வந்துவிட்டது. பெனிட்டாதான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வை. திரும்ப வை. இருந்த இடத்திலதானே வைக்கப்போறோம், யாரு பொய் சொன்னா?" என்றாள். தன் பாட்டிலிலிருந்து தண்ணீரை ஊற்றி, களிமண்ணை விரலால் குழைத்து, எலும்பை அச்சில் பொருத்தி, சுற்றிலும் பூசி, பூசின ஈரம் தெரியாமல் இருக்கப் புழுதியை ஊதிவிட்டது அவள்தான். எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாள், கேக்குக்கு விளிம்பு கட்டுகிற மாதிரி. சுத்தியலைச் சாய்த்து வைத்து மங்கை படம் எடுத்தாள். நோட்டில், பதிந்திருந்தது, நானும் பார்த்தேன் என்று எழுதி பெ. பெனிட்டா என்று கையெழுத்து. எழுதினது நிஜம். பார்த்தாள். எலும்பு நிஜம், இடம் நிஜம், அடுக்கு நிஜம், போட்டோ மட்டும் பொய். நிஜத்துக்கு நாங்கள் ஒரு பொய்யைத் துணைக்கு வைத்தோம், அந்தத் துணை இன்றைக்கு நிஜத்தையே கழுத்தை நெரிக்கிறது. இல்லை, அப்படிச் சொல்லாதே மங்கை, அழகாகச் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே. கை வைத்தது நீ. குழைத்தது அவள். சரி, குழைத்தவள் இப்போது கையை எங்கே துடைத்துக்கொண்டாள்? உன் சேலையில்.

"அக்கா, தண்ணி வேணுமா?" என்றாள் ஹசீனா. வேண்டாம். திரையில் டால்பின் வந்திருந்தது, பக்கத்தில் மீன்பல்லி, அதற்குப் பக்கத்தில் சுறா. மூன்றும் ஒரே வார்ப்பு: அதே கூர்மூக்கு, அதே முதுகுத் துடுப்பு, அதே பிறை வால். பெனிட்டாவுக்குப் பிடித்த இடம் இது, குரல் இப்போது தெளிந்துவிட்டது. "இதுங்களுக்குள்ள உறவு கிடையாது. ஒண்ணு மீனு, ஒண்ணு ஊர்வன, ஒண்ணு பால் குடுக்கிற ஜாதி. ஒரே கடல்ல ஒரே மாதிரி வேட்டையாடினதால ஒரே மாதிரி ஆயிருச்சு, அவ்வளவுதான்." அவ்வளவுதான். மங்கையும் பெனிட்டாவும் ஒரே கடையில் வாங்கின ஒரே மாதிரித் தொப்பி போட்டவர்கள், ஒரே பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தவர்கள், இரண்டு பேருக்கும் கழுத்தில் ஒரே இடத்தில் வெயில் கறுப்பு, செருப்பு வார் தடம் ஒரே மாதிரி. நடையே ஒன்றாகிவிட்டது, பின்னாலிருந்து பார்த்தால் அக்கா தங்கச்சியா என்பார் மெஸ் அண்ணன். இவளும் நம்பினாள். எலும்பைப் பார்த்து உறவு சொல்லப் படித்தவள், வெளித்தோற்றத்தைப் பார்த்து உறவு சொல்லாதே என்று பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்கு விடை எழுதினவள், தன் வாழ்க்கையில் போய்த் தோலைப் பார்த்து நம்பினாள். ஒரே வேலை செய்தோம், ஒரே மாதிரி ஆகிவிட்டோம். உள்ளே எலும்பு வேறு. வேறா? ஜுரத்தில் கிடந்தபோது ராமுழுக்க ஈரத்துணி போட்டவள், அம்மாவுக்குப் போன் பண்ணி ஒண்ணுமில்லை ஆண்ட்டி தூங்குறா என்று சமாளித்தவள், அதெல்லாம் எந்த அடுக்கில் சேர்த்தி? எல்லாமே பொய்யென்று தள்ளிவிட்டால் நிம்மதியாக இருக்கும். தள்ள முடியவில்லை, ஈரத்துணி பதிந்துதான் கிடக்கிறது.

எப்போது மாறினாள்? போன செவ்வாய்க்கிழமை ராமபத்திரன் சார் அவளை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். முக்கால் மணி நேரம். வெளியே வந்தவள் கேன்டீனுக்குப் போய் இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை மங்கையின் மேஜையில் வைத்தாள், என்னடி சொன்னார் என்றதற்கு, "ஒண்ணுமில்ல மக்கா, ஸ்லைடு ஜாஸ்தியா இருக்காம்" என்றாள். ஜாஸ்தியாக இருந்தது ஒரு ஸ்லைடு. சார் என்ன சொல்லியிருப்பார் என்று மங்கைக்குத் தெரியும், சத்தம் போட்டிருக்க மாட்டார், அவர் எப்போதும் கேள்வி மாதிரிதான் சொல்லுவார்: ஏம்மா, அது கண்டிப்பா பதிஞ்சுதான் இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு, உன் முடிவையே அது ஆட்டிருமே? யோசித்திருக்கிறாள், நன்றாகவே யோசித்திருக்கிறாள். இப்படிக் கோபப்படுகிறாயே, அவர்மேல் ஏன் கோபம் வரவில்லை உனக்கு? வருகிறது, ஆனால் அவர் எதிர்ப்பக்கம் நிற்கிறவர், எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தார், அது விளையாட்டு. என்னோடு படுக்கையை ஒட்டிப் போட்டுக்கொண்டவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மங்க, எனக்கு பயமா இருக்கு, நான் உதிரின்னு போட்டுக்கிறேன், நீ உன் சண்டையை நீ போடு என்று சொல்லியிருந்தால், நான் ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டுப் பேசியிருப்பேன். கேட்கவில்லை. ஏனென்றால் கேட்காமலேயே நான் வாயை மூடிக்கொள்வேன் என்று அவளுக்குத் தெரியும். ஆமாம், அதுதான். ஓடைக்குப் போனது இரண்டே பேர். மங்கையின் சாம்பிளுக்கெல்லாம் சாட்சி பெனிட்டா, பெனிட்டாவின் அறுபத்தோரு சாம்பிளுக்கும் சாட்சி மங்கை. இவள் எழுந்து அந்தக் கையெழுத்து பொய்யா என்று கேட்டால், அப்போ உன் கையெழுத்து என்று அடுத்த கேள்வி வரும், இரண்டு தீசிஸும் ஒன்றாகச் சரியும். அது தெரிந்துதான், மங்கை என்னைக் கவிழ்க்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் காலை ஊன்றிக்கொண்டுதான், என்மேலேயே மிதித்து ஏறியிருக்கிறாள். துரோகம் செய்கிறவள் வெறுத்துவிட்டுச் செய்தால்கூடப் பரவாயில்லை. நம்பிச் செய்கிறாளே.

எழுந்திருக்காதே. எழுந்திரு. எழுந்து என்ன சொல்வாய்? பதிந்திருந்தது என்பாய், அத்தாட்சி என்ன என்பார்கள், போட்டோ என்பாய். அந்தப் போட்டோவையே. அதை நீட்டிப் பேசினால் நீயும் பொய் சொன்னவள், நீட்டாமல் பேசினால் வெறும் வாய். சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் மூன்றாவது அத்தியாயம் போயிற்று, அது போனால் தீசிஸில் மிச்சம் இருப்பது சாருக்குப் பின்பாட்டு. கடைசியாக உயிரோடு இருந்த ஒன்று, எல்லாரும் முடிந்துவிட்டது என்று எழுதின பிறகும் ஐந்து அடுக்கு தாண்டி மூச்சுக்கு மேலே வந்து வந்து போன ஒன்று, அதற்காகப் பேச இந்த ஹாலில் நாற்பது பேரில் ஒருத்திதான், அவளும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா சொல்வார், நீ பேசறது நியாயம்தாம்மா, ஆனா நியாயத்தை இவ்வளவு சத்தமாப் பேசினா யாருக்கும் கேக்காது. சத்தமே வரவில்லை அப்பா இன்றைக்கு. விளக்கைப் போட்டார்கள். கைதட்டினார்கள். மங்கையின் கையும் தட்டியது, பழக்கதோஷம், பாதியில் தெரிந்து நிறுத்தி இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

முதல் வரிசையிலிருந்து சௌந்தரநாயகி மேடம்தான் மைக்கை வாங்கினார். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பிட வந்திருந்தவர். குட்டையான உருவம், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை. "நல்லா சொன்னீங்க பெனிட்டா. அந்தப் பதினாலாம் அடுக்கு எலும்பு இருக்கே, அந்தப் படத்தைத் திரும்பப் போடுங்க." திரையில் ஏறிற்று: சுத்தியல், சாம்பல் களிமண், பழுப்பு வளைவு. "இதுல பதிஞ்சுதானே இருக்கு? சுத்தி எப்படி மண்ணு பிடிச்சிருக்கு பாருங்க. இதைப் போய் ஏன் உதிரின்னு போட்டீங்க?"

பெனிட்டா ரிமோட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். ராமபத்திரன் சாரைப் பார்த்தாள். அவர் தன் டைரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது வந்து, மேடம், எடுத்துட்டுத் திரும்ப வச்சு எடுத்த போட்டோ."

ஹாலில் நாற்காலிகள் முனகின. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "திரும்ப வச்சா? யாரு வச்சது?"

"மங்கை, மேடம்."

எழுந்தது எப்போது என்று மங்கைக்குத் தெரியாது, முட்டி எதிர் நாற்காலியில் இடித்தபோதுதான் நிற்கிறோம் என்று தெரிந்தது. "மங்கை, உக்காரும்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார் சார். எல்லாத் தலையும் திரும்பிவிட்டன, சண்டை பார்க்கிற ஆசையோடு திரும்பின தலைகள், இவளுக்குப் பழக்கமான தலைகள்.

"வச்சது நெஜம் மேடம்" என்றாள். "எடுத்ததும் நான்தான், போட்டோ எடுக்காம கை வச்சது என் தப்பு. அந்தப் போட்டோ பொய். என் அத்தியாயத்துல இருந்து அதை எடுத்துடறேன், அது இல்லாம அத்தியாயம் நிக்காதுன்னா அத்தியாயத்தையே எடுத்துடறேன். ஆனா நான் அதை உருவினது பாறைக்குள்ள இருந்து. ஒரு அடி தள்ளி பெனிட்டா நின்னுக்கிட்டு இருந்தா. அவளையே கேளுங்க."

மேடம் மேடைப் பக்கம் திரும்பினார். ஒன்று, இரண்டு, மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியது. மங்கை அந்த முகத்தையே பார்த்தாள். இப்போதுகூட, இந்த நிமிஷம்கூட, அவள் ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிடத் தயாராக இருந்த தன் மனசைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல மேடம்."

"களிமண்ணு கொழைச்சது யாருன்னு அதாவது ஞாபகம் இருக்கா?" என்று வந்துவிட்டது மங்கைக்கு. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெனிட்டாவின் கழுத்து வெயில் கறுப்புக்கு மேலே காது மடல் இரண்டும் சிவந்தன.

"ஓகோ, ரெண்டு பேரும் சேர்ந்துதான்" என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. முன்னாலிருந்த பைண்டிங் போட்ட தீசிஸைப் புரட்டினார், நிதானமாக, விரலை எச்சில் தொட்டு. "மங்கையர்க்கரசி, பெனிட்டாவோட ஒன்பதாம் அடுக்கு சாம்பிள் அறுபத்தொண்ணு. அத்தனைக்கும் சாட்சிக் கையெழுத்து நீங்கதான். அதெல்லாம் பதிஞ்சு இருந்ததுதானா? இல்ல அதுலயும் களிமண்ணு வேலை இருக்கா?"

எவ்வளவு சுலபம். எனக்கும் ஞாபகம் இல்ல மேடம். அவள் சொன்ன அதே வாக்கியம், ஒரு எழுத்துக்கூடக் கூட்ட வேண்டாம், பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது, அறுபத்தொன்றும் இந்த நிமிஷமே உதிர்ந்துவிடும், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. மேடையில் மயில்கழுத்துச் சேலை அசையாமல் நின்றது. இப்போது பார்க்கிறாள், கடிகாரத்தை விட்டுவிட்டு, மூணாவது வரிசையை, நடுவில், இந்த முகத்தைப் பார்க்கிறாள். சொல், சொல்லு என்றது உள்ளே. ஆனால் உள்ளேயே வேறொன்று தன்பாட்டுக்கு வரிசையாக வந்துகொண்டிருந்தது: ஏழாவது சாம்பிள், துடுப்பெலும்பு, வேலிகாத்தான் வேரை வெட்டி எடுத்தது, பெனிட்டாவின் கட்டைவிரல் நகம் பிய்ந்தது, இருபத்தி மூணு, தாடையோடு நாலு பல், அன்றைக்குப் புளிசோறு, நாற்பது, எடுக்க வராமல் இரண்டு நாள் பூந்தூரிகையால் தட்டித் தட்டி, நாற்பத்தி ஒன்று அதை ஒட்டியே. ஒவ்வொன்றும் எப்படிக் களிமண்ணில் தலையைப் புதைத்துக் கிடந்ததென்று கண்ணுக்குள் இருந்தது. அழிக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

"இல்ல மேடம்" என்றாள். "அறுபத்தொண்ணும் பதிஞ்சுதான் இருந்துச்சு. ஒண்ணு விடாம நான் பாத்தேன். எது எப்படிக் கிடந்துச்சுன்னு வரிசையா சொல்லவா?"

மேடம் பென்சிலால் எதையோ எழுதிக்கொண்டார். மேடையில் பெனிட்டா ரிமோட்டைக் கீழே வைத்தாள். "தேங்க்ஸ் மங்க" என்றாள், வாய்க்குள்தான் சொன்னாள், ஆனால் மேடை மைக் அதைப் பிடித்து ஹால் முழுக்கப் பரப்பிவிட்டது.

"எனக்குச் சொல்லாத" என்றாள் மங்கை. அவளிடம் மைக் இல்லை, தேவைப்படவும் இல்லை. "உனக்காகச் சொல்லல. அது அங்கதான் இருந்துச்சு."